தேய்ந்த அரத்தின் கதை: கஞ்சமலையிலிருந்து ஷெஃபீல்டு வரை

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீட்டுக்குக் கதவு, ஜன்னல் வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தச்சரின் பையில் மின்சார இழைப்பான் இருக்கும், ட்ரில்லிங் மெஷின் இருக்கும், உளிகள் இருக்கும். பையின் அடியில், பழைய துணிக்கும் ஆணிகளுக்கும் நடுவில், கைப்பிடி கழன்ற ஒரு அரமும் கிடக்கும். அதன் மேல் துரு. பல்லிடுக்கில் மரத்தூளும் பிசினும். 'இது தேய்ஞ்சு போச்சு, எடைக்குப் போட வேண்டியதுதான்' என்பதுதான் பெரும்பாலும் அதற்குக் கிடைக்கும் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு சரியா? இதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால் அரம் எதனால் செய்யப்படுகிறது, அதன் பல்லை யார் வெட்டினார்கள் என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். அப்படிப் போகும் பாதை சேலத்தின் வழியாகவே போகிறது என்பதுதான் இதில் சுவாரசியமான விஷயம்!

அரமும் ராஸ்ப்பும்

முதலில் சொல்லைப் பார்ப்போம். அரத்தால் தேய்ப்பதை 'அராவுதல்' என்கிறது தமிழ். பட்டறைப் பேச்சில் 'ராவுறது'. கருவி எவ்வளவு பழையது என்பதற்குத் திருக்குறளே சாட்சி. மூன்று குறள்களில் (567, 888, 997) அரம் உவமையாக வருகிறது. கடுஞ்சொல்லும் அளவு மீறிய தண்டனையும் அரசனின் வலிமையைத் தேய்க்கும் அரம் என்கிறது ஒன்று. உட்பகை புகுந்த குடி, அரத்தால் அராவப்பட்ட பொன்னைப் போலத் தேயும் என்கிறது இன்னொன்று. அரத்தைப் போலக் கூர்மையான அறிவு இருந்தாலும் பண்பு இல்லாதவர் மரத்துக்குச் சமம் என்பது மூன்றாவது. இரண்டு குறள்களில் அரம் மெல்ல மெல்லத் தேய்க்கும் பொருள். ஒன்றில் அது கூர்மையின் அடையாளம். அரத்தைக் கையில் பிடித்துப் பழகிய சமுதாயத்துக்குத்தான் இந்த இரண்டு குணங்களும் தெரிந்திருக்கும்.

இன்றைய கடையில் இரண்டு வகை கிடைக்கும். சாதாரண அரத்தில் பற்கள் கோடு கோடாக இருக்கும். தட்டையான உளியை வைத்து அடித்தால் விழும் வெட்டுகள் அவை. மர அரம் எனப்படும் ராஸ்ப் வேறு. அதில் கோடுகள் கிடையாது. கூர்முனை உளியால் ஒவ்வொரு புள்ளியாகக் குத்தி, ஒவ்வொரு பல்லையும் தனித்தனியாக எழுப்பியிருப்பார்கள். தடவிப் பார்த்தால் பலாத்தோல் மாதிரி இருக்கும். கோடு விழுந்த அரத்தை மரத்தில் ஓட்டினால் தூள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ராஸ்ப்பின் பற்களுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்பதால் மரத்தூள் வெளியேறிவிடும். மரத்தை வேகமாகக் குறைக்க ராஸ்ப், அது விட்ட கீறல்களை ஆற்ற அரம் என்பதுதான் வேலைப் பங்கீடு.

இரண்டுக்கும் பொதுவானது எஃகு. நல்ல அரத்தின் எஃகில் கார்பன் சுமார் 1.2 சதவீதம் இருக்கும். சாதாரணக் கட்டுமானக் கம்பியில் இருப்பதைப் போலப் பல மடங்கு இது. அதனால்தான் அரம் அவ்வளவு கடினம். அதனால்தான் கீழே விழுந்தால் கண்ணாடி போல ஒடியவும் செய்கிறது. இவ்வளவு கார்பன் உள்ள எஃகை உலகத்தில் முதலில் செய்து பழகிய இடங்களில் ஒன்று தென்னிந்தியா.

ஆவாரங்குச்சியும் எருக்கிலையும்

ஃபேர்லேண்ட்ஸிலிருந்து இளம்பிள்ளை பக்கம் போனால் கஞ்சமலை வரும். சித்தர் கோயிலால் பலருக்கும் தெரிந்த மலை. அதன் பாறையில் மேக்னடைட் எனும் இரும்புத் தாது இருக்கிறது. சேலம் வட்டாரத்தின் மலையடிவாரங்களில் சிறு மண் உலைகளில் இரும்பு உருக்குவது பல நூற்றாண்டுகளாக நடந்த தொழில். பக்கத்து ஈரோடு மாவட்டத்தின் கொடுமணலில் நடந்த அகழாய்வில் இரும்பு உலைகளோடு எஃகு செய்ததற்கான தடயங்களும் கிடைத்தன.

இந்த எஃகைத்தான் ஐரோப்பியர்கள் 'ஊட்ஸ்' என்று அழைத்தார்கள். 'உக்கு', 'உருக்கு' போன்ற தென்னிந்தியச் சொற்களின் திரிபு அது என்பார்கள். செய்முறையை 1839ல் ஒரு கட்டுரையில் விவரித்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர். தேனிரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி மண் மூசையில் போடுவார்கள். அதன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங்குச்சியை நறுக்கிச் சேர்ப்பார்கள். மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை. பிறகு வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். இப்படி இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை அடுக்கி, துருத்தி ஊதி, கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம் எரித்தால் வேலை முடியும். குச்சியும் இலையும் உள்ளே கரியாகி, அந்தக் கரி இரும்பில் சேர்ந்து எஃகாக மாறும். இந்த எஃகில் கார்பன் பெரும்பாலும் 1 முதல் 2 சதவீதம் வரை இருந்தது. அதாவது அரத்துக்குத் தேவையான எஃகின் பக்கத்து வீடு!

இங்கிலாந்தில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் எஃகை உருக்கக் கற்றுக்கொண்டது 1740 வாக்கில்தான் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். அவர் வேலை செய்த ஊர் ஷெஃபீல்டு. உலகத்துக்கே அரம் செய்து கொடுத்த ஊரும் அதுதான்.

சேலம் தாதுவை நம்பிய ஒரு ஆலை

கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் இருந்த ஹீத், அந்த வேலையை விட்டுவிட்டு 1830ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். ஆங்கிலத்தில் போர்ட்டோ நோவோ எனப்படும் அந்தத் துறைமுகத்துக்குச் சேலம் பகுதியின் தாது போனது. எரிபொருள் மரக்கரி. தாது தரமானது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. சிக்கல் கரியில்தான். பெரிய உலை தின்னும் அளவுக்குக் காடு கரி தரவில்லை. ஆலை நஷ்டத்திலேயே ஓடி, கை மாறி, 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் மறைந்துபோனது.

ஹீத் இங்கிலாந்து திரும்பி எஃகு ஆராய்ச்சியில் இறங்கினார். உருகும் எஃகில் மாங்கனீசு சேர்த்தால் அதன் தரம் உயர்கிறது, மலிவான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு கிடைக்கிறது என்று கண்டுபிடித்து 1839ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முழுவதும் அந்த முறை பரவியது. எஃகின் விலை இறங்கியது. ஆனால் அவருக்குப் பணம் போகவில்லை! காப்புரிமையில் எழுதியிருந்த பொருளுக்குப் பதிலாக அதன் மூலப்பொருட்களையே நேராக மூசையில் போட்டால் அது காப்புரிமை மீறல் ஆகாது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. 1851ல் ஹீத் இறந்தார். 1855ல் வந்த இறுதித் தீர்ப்பும் அவர் தரப்புக்கு எதிராகவே அமைந்தது.

சேலம் உலைதான் ஷெஃபீல்டு அரத்தைப் பெற்றது என்று இதை வைத்துச் சொன்னால் அது மிகை. மாங்கனீசு யோசனை இங்கிலாந்தின் ஆய்வில் வந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். சேலத்து எஃகைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதிய ஒருவரின் கைவேலை, ஷெஃபீல்டின் அரம், உளி, ரம்பம் எல்லாவற்றின் விலையையும் குறைத்தது. அந்த மலிவான இறக்குமதி இரும்பும் எஃகும் கப்பலேறி வந்தபோது, ஆவாரங்குச்சியை வைத்து எஃகு செய்த உள்ளூர்க் குடும்பங்களின் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. வழக்கில் தோற்றவர் பெயராவது புத்தகத்தில் இருக்கிறது. உலை அணைந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

ஈயப் படுக்கையில் வெட்டிய பற்கள்

எஃகு ஆயிற்று. பல்?

ஷெஃபீல்டில் அரம் வெட்டுபவர் ஒரு கல்மேடையின் முன் உட்கார்ந்திருப்பார். மென்மையாக்கிய எஃகுத் துண்டை ஒரு வாரால் காலோடு இழுத்துப் பிடித்துக்கொள்வார். ஒரு கையில் உளி, மறு கையில் கனமான சுத்தி. ஒரு அடி அடித்தால் ஒரு பல் எழும்பும். எழும்பிய பல்லின் விளிம்பில் உளியை முட்ட வைத்து அடுத்த அடி. கண்ணால் அளக்க வேண்டியதில்லை, விரலே இடைவெளியைச் சொல்லிவிடும். இப்படி ஒரு அரத்தில் நூற்றுக்கணக்கான அடிகள். பிறகு உப்புக் கலந்த பசையைப் பூசி, சிவக்கக் காய்ச்சி, உப்புத் தண்ணீரில் முக்கினால் பல் கடினமாகும்.

ஒரு பக்கம் வெட்டி முடித்து மறுபக்கம் திருப்பும்போது, வெட்டிய பல் நசுங்காமல் இருக்க அடியில் ஈயக் கட்டியை வைப்பார்கள். ஒவ்வொரு அடியிலும் ஈயத்தூள் பறக்கும். அது கையில் ஒட்டும், மூச்சில் போகும், சாப்பாட்டில் கலக்கும். மணிக்கட்டு தொய்ந்துபோவது, வயிற்றுவலி, பக்கவாதம் என்று ஈய நஞ்சு இந்தத் தொழிலாளிகளை வாட்டியது. வீட்டிலேயே இந்த வேலையைச் செய்த பெண்களும் இதற்குத் தப்பவில்லை. கையால் அரம் வெட்டும் தொழிலுக்கென்று பிரிட்டன் 1903ல் தனி விதிகள் கொண்டுவந்தது. அதற்குள் பல தலைமுறைகள் போய்விட்டன.

அரம் வெட்ட இயந்திரம் செய்யும் ஆசை பழையது. லியோனார்டோ டா வின்சியே அப்படி ஒன்றை வரைந்து வைத்திருக்கிறார். ஆனால் 19ஆம் நூற்றாண்டு வரை எதுவும் சரியாக வேலை செய்யவில்லை. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் வில்லியம் நிக்கல்சன் 1864ல் தொடங்கிய நிறுவனம்தான் இயந்திர அரத்தைப் பெரிய தொழிலாக வளர்த்தது.

இயந்திரத்தின் குறையே அதன் ஒழுங்குதான் என்பது வேடிக்கை. பற்கள் எல்லாம் ஒரே இடைவெளியில் இருந்தால் ஒவ்வொரு பல்லும் முந்தைய பல்லின் பள்ளத்திலேயே விழும். அரம் அதிரும், மரத்தில் வரிவரியாகத் தடம் விழும். மனிதக் கை வெட்டினால் இடைவெளி கொஞ்சம் முன்பின் ஆகும். அந்தச் சிறு பிசகினால் வேலை வழவழப்பாக வரும். இதைப் புரிந்துகொண்டு இயந்திரத்திலேயே இடைவெளியை மாற்றி மாற்றி வெட்ட ஏற்பாடு செய்தார்கள். பிரான்சில் ஓரியூ, லியோஜியே போன்ற பட்டறைகள் இன்றும் ராஸ்ப்பை ஒவ்வொரு பல்லாகக் கையாலேயே குத்துகின்றன. அவற்றின் விலைக்குக் காரணம் அதுதான்.

இந்தியாவில் இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இயந்திர அரங்கள். ரேமண்ட் குழுமத்திலிருந்து வளர்ந்த ஜே.கே. ஃபைல்ஸ், மகாராஷ்டிராவின் ரத்னகிரி உள்ளிட்ட இடங்களில் ஆலை வைத்து உலக அளவில் அரம் விற்கும் நிறுவனம். ஷெஃபீல்டிலிருந்து இறக்குமதி செய்த நாடு இன்று ஏற்றுமதி செய்கிறது!

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

சரி, இந்த வரலாறு கடையில் நிற்பவருக்கு எப்படி உதவும்? எஃகும் பல்லும்தான் அரம் என்று அது சொல்கிறது. ஆகவே பார்க்க வேண்டியதும் அந்த இரண்டைத்தான்.

பல்லைப் பார்க்க வெளிச்சம் போதும். அரத்தைச் சாய்த்துப் பிடித்தால், கூரான பல்நுனி ஒளியைத் திருப்பி அனுப்பாது. நுனியில் வெள்ளை வெள்ளையாக மின்னினால் பல் மழுங்கியிருக்கிறது என்று பொருள். துருவுக்குப் பயப்பட வேண்டாம், மினுமினுப்புக்குத்தான் பயப்பட வேண்டும். பழைய இரும்புக் கடையில் அரம் பொறுக்குபவர்கள் இந்த ஒரு பாடத்தை மறக்கக் கூடாது.

எஃகைப் பார்க்க, அரத்தைத் தொங்கவிட்டு லேசாகத் தட்டலாம். நல்ல துண்டு கணீரென்று ஒலிக்கும். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகும். ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். பழைய ஆங்கில அரங்களில் 'காஸ்ட் ஸ்டீல்' என்ற முத்திரை இருந்தால், அது மூசையில் உருக்கிய எஃகைக் குறிப்பது. அதைச் சும்மா விடக் கூடாது.

முரட்டு வெட்டு, பாஸ்டர்ட், செகண்ட் கட், ஸ்மூத் என்று பல்லின் நெருக்கத்துக்குப் பெயர்கள் உண்டு. இதில் ஒரு நுணுக்கம்: ஒரே பெயர் இருந்தாலும் நீளம் கூடினால் பல்லும் பெரிதாகும். 12 அங்குல பாஸ்டர்டும் 6 அங்குல பாஸ்டர்டும் ஒரே மாதிரி வெட்டாது. மரவேலை பழகுபவருக்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு உள்ள 10 அங்குல அரைவட்ட ராஸ்ப் ஒன்று, அதே வடிவத்தில் ஒரு பாஸ்டர்ட் அரம் ஒன்று, கைரம்பத்தின் பல் தீட்ட முப்பட்டை அரம் ஒன்று. இந்த மூன்றும் போதும்.

மீட்கும் முறை

'தேய்ந்து போன' அரங்களில் பல, உண்மையில் தேய்ந்தவை அல்ல. அடைத்துக்கொண்டவை. முதல் வேலை சுத்தம். மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் பிசின் இளகும். பிறகு பல்லின் சாய்வு போகும் திசையிலேயே கம்பி பிரஷ் போட வேண்டும், குறுக்கே அல்ல. ராஸ்ப்புக்குக் கெட்டியான நைலான் பிரஷ் போதும். அரத்தின் பல்லிடுக்கில் இறுகிய உலோகத் துணுக்கை ஒரு பித்தளைத் தகட்டின் விளிம்பால் தள்ளினால் வந்துவிடும். பித்தளை மென்மையானது, பல்லைக் கெடுக்காது.

அடுத்தது துரு. சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பசை போகக் கழுவிவிட்டு, வினிகரில் முழுக்க மூழ்கும்படி ஒரு இரவு வைக்கலாம். அமிலம் துருவைக் கரைக்கும். கூடவே பல்லுக்கு இடைப்பட்ட பரப்பையும் நுண்ணிய அளவில் அரிப்பதால், லேசாக மழுங்கிய பல் கொஞ்சம் கூர் பெறும். வெளியே எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி அமிலத்தை முறிக்க வேண்டும். உடனே துடைத்து வெயிலிலோ சூடான காற்றிலோ உலர்த்த வேண்டும். இதில் அரை மணி நேரம் சோம்பல் பட்டால் புதுத் துரு வந்துவிடும். கையுறை அவசியம், காற்றோட்டமான இடமும் அவசியம். ப்ளீச்சிங் பவுடர் போன்றவற்றை அமிலத்தோடு சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும்.

இது ஒன்றும் புது தந்திரம் அல்ல. டில்மன் என்ற அமெரிக்கர் 1870ல் காப்புரிமை பெற்ற மணல் பீய்ச்சும் முறையும் மழுங்கிய அரத்தைக் கூராக்கப் பயன்பட்டது. ஷெஃபீல்டில் பழைய அரத்தை மென்மையாக்கி, பல்லைத் தேய்த்து எடுத்து, மறுபடி வெட்டி, மறுபடி கடினமாக்கித் தருவதே ஒரு தொழிலாக நடந்தது. அரம் விலை உயர்ந்ததாக இருந்த காலத்தில் யாரும் அதைத் தூக்கி எறியவில்லை.

மீட்ட பிறகு காப்பாற்றுவது முக்கியம். வால்பகுதிக்கு மரக் கைப்பிடி போட்டே பயன்படுத்த வேண்டும். வெறும் வால் உள்ளங்கையைக் கிழித்துவிடும். தள்ளும்போது மட்டும் அழுத்தம், இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும். உலோகத்துக்குப் போட்ட அரத்தை மரத்துக்கு எடுக்கக் கூடாது. எல்லா அரங்களையும் ஒரே பெட்டியில் கொட்டினால் அவை ஒன்றையொன்று அராவும். துணியில் தனித்தனியாகச் சுற்றி வைப்பது நல்லது.

பல்நுனி முழுவதும் ஒடிந்திருந்தால் எந்த வினிகராலும் பயனில்லை. அப்போதும் எஃகு மிச்சம் இருக்கிறது. பழைய அரத்தைக் காய்ச்சி உளியாகவோ கத்தியாகவோ அடிப்பது கொல்லர் பட்டறைகளில் தெரிந்த வேலை. ஆனால் அதன் கடினத்தைப் பக்குவமாகத் தணித்த பிறகே பயன்படுத்த வேண்டும். அப்படியே வைத்து நெம்பினால் ஒடிந்து தெறிக்கும்.

மிஞ்சுவது

சேலத்தில் இன்று இரும்பாலை இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கிய அது செய்வது துருப்பிடிக்காத எஃகு. ஆவாரங்குச்சி எஃகைச் செய்யும் கைகள் இப்போது கிடையாது. உலை ஒருமுறை அணைந்தால் அதன் அறிவையும் கூட எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. மாவட்டத்தின் கிழக்கே தம்மம்பட்டியில் வாகையிலும் தூங்குமூஞ்சி மரத்திலும் சிற்பம் செதுக்கும் கைகள் இன்னும் இருக்கின்றன. கைவேலை அங்கே உயிரோடு இருக்கும் வரை, கைக்கருவியைத் தேர்ந்தெடுக்கவும் பழுதுபார்க்கவும் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கும்.

ஒரு துருப்பிடித்த அரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. பல்நுனி மின்னவில்லை என்றால் ஒரு பாட்டில் வினிகரும் ஒரு இரவும்தான் செலவு. எடைக்குப் போடுவதற்கு முன் அந்த ஒரு நிமிடத்தைக் கொடுத்துப் பாருங்கள்.